ஹெல்சிங்கி, பத்துக்கு ஒன்று

“…கோணலா விழுந்தா திரும்பப் போட்டுக் குடுங்க தம்பி, மை மங்குனாலும் திரும்பப் போடுங்க. ஆனா அந்த நாலாவது வரில மட்டும் கை வைக்காதீங்க. தப்பா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டு டைப் டீச்சர் படியேறிப் போனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் வாயால் சொல்லி அதற்கு முன்னும் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் கேட்டதில்லை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அவருடைய தட்டச்சுப் பள்ளி. கீழே என் ஜெராக்ஸ் கடை. பெரம்பலூர் தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புதுசு புதுசாக ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ் வந்தால் வேலை வரும், வேலைக்கு டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்று சுற்றுப்பட்டுப் பெண்களெல்லாம் காலை ஆறு மணிக்கே வந்து மாடிப்படியில் செருப்பைக் குவித்துவிடுவார்கள். என் கூரைதான் அவர்களுக்குத் தரை. நாள் முழுக்கத் தலைக்கு மேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரியே இருக்கும். முதல் வாரம் தலைவலி வந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதான் தலைவலி.

டீச்சர் அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. காதோரம் நரை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தினமும் அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ராத்திரி ஆவதற்குள் திரும்பிப் போவார். “இங்கயே ஒரு ரூம் பாத்துக்கலாமே டீச்சர், எதுக்கு இந்த அலைச்சல்?” என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். “உங்க ஊருக்கு ரயில் வராதே” என்றார். என்னமோ தினமும் ரயிலில் போய் வருகிற மாதிரி! அவர் ரயிலேறி நாங்கள் பார்த்ததே இல்லை.

தட்டச்சுப் பரீட்சையில் ஒரு கேள்வி உண்டு. கோடு போட்டு, கட்டம் பிரித்து, எண்களை ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நிறுத்தி அடிக்க வேண்டும். ஸ்டேட்மென்ட் என்பார்கள். மற்ற பள்ளிகளில் அதற்கு மழை அளவு கொடுப்பார்கள், இல்லாவிட்டால் சர்க்கரை ஆலை உற்பத்தி. எங்கள் டீச்சர் கொடுப்பது இந்தியக் கால்பந்து அணி வெளிநாட்டாரோடு ஆடிய ஆரம்பகால ஆட்டங்கள். வரிசை எண், ஆண்டு, ஊர், எதிரணி, முடிவு. லண்டன், பிரான்ஸ், தோல்வி, 1–2. டெல்லி, ஈரான், வெற்றி, 1–0. மெல்போர்ன், ஆஸ்திரேலியா, வெற்றி, 4–2. ஜகார்த்தா, தென்கொரியா, வெற்றி, 2–1. அதோடு பட்டியல் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இந்தியா பந்தே ஆடவில்லையோ என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரம்பலூர்ப் பெண்களுக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மெல்போர்னில் நாலுக்கு ரெண்டு என்று சொல்லுவார்கள். எத்தனை தடவை அடித்திருப்பார்கள்!

இரண்டாவது வரிதான் எனக்குப் பிடித்தது. 1950, பிரேசில். எதிரணிக் கட்டத்தில் ஒரு கோடு. முடிவுக் கட்டத்தில் ‘போகவில்லை’. உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் நம் ஆட்கள் கப்பல் ஏறவில்லையாம்.

“போவாத மேட்சுக்கு எதுக்கு டீச்சர் ஒரு வரி? வீணால்ல போவுது?” என்று ஒரு பெண் மேலே கேட்டது எனக்குக் கீழே கேட்டது.

“போவலன்னாலும் எடம் அவங்க எடம்தானே. காலி பண்ணிற முடியுமா? அடி.”

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். விரலால் துடைக்கிற சுத்தத்தைச் சொல்லவில்லை, எழுத்துச் சுத்தம். என் கடைப் பலகையில் ‘லேமினேசன்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு படியேறினார். மூன்றாம் நாள் பெயின்டரோடு வந்து நின்றார். வகுப்புக்கு அழிரப்பர் கொண்டுவந்தால் வெளியே நிற்க வேண்டும். “அடிச்சது அடிச்சதுதான்டி. அழிச்சா பேப்பருக்குத் தெரியும், பேப்பர் திருத்துறவனுக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாத மாதிரி இருக்கும்” என்பார். வேகமாக அடிக்கிறேன் என்று குதிக்கிறவளிடம், “எங்க அவசரம்? வெரல் மொதல்ல நடு வரிசைல அது வூட்டுக்கு வரட்டும், அப்புறம் ஊர் சுத்தப் போவலாம்” என்பார்.

அப்பேர்ப்பட்டவருடைய நாலாவது வரி: 1952, ஹெல்சிங்கி, யூகோஸ்லாவியா, வெற்றி, 10–1.

அது தப்பு என்று எனக்குத் தெரியவந்தது ஒரு பெரியவரால். விக்கிரமங்கலத்துக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் மகள் எங்கள் மாடியில் படித்தாள். மகளுடைய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறினார். நானும் ஒரு கட்டு ஜெராக்ஸைக் கொடுக்க மேலே போயிருந்தேன்.

“யம்மா, இது தலகீழால்ல இருக்கு! பத்து அடிச்சவன் அவன். நாம ஒண்ணுதான். வெறுங்காலோட அந்தக் குளுருல நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தாங்க நம்மாளுங்க.”

டீச்சர் முகத்தைப் பார்த்தேன். வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளை அடையாளம் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார்.

“உங்களுக்குச் சொந்த ஊரே விக்கிரமங்கலம்தாங்களா?”

“ஆமாம்மா. பாட்டன் காலத்துலேர்ந்து.”

“அரியலூர் ஸ்டேஷன் பக்கம் இருந்ததுண்டா?”

“நமக்கு எதுக்கும்மா அங்க சோலி?”

“இத யாரு தப்பா எழுதியிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?”

பெரியவர் திருதிருவென்று விழித்தார். “வேற யாரு, நீங்கதான்.”

“ஆமாங்க” என்றார் டீச்சர். பெரியவரைப் படி வரைக்கும் வந்து வழியனுப்பினார். அப்புறம் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த பரீட்சைக்கும் அதே பத்துக்கு ஒன்று வந்தது. நான் வாயைத் திறந்தபோதுதான் முதலில் சொன்னேனே, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் என்றேன் அல்லவா. மத்தியானம் பெண்கள் போனதும் அவர் அந்த ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். கீழே பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். துறையூர் பஸ், அரியலூர் பஸ், ஆத்தூர் பஸ், ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் கவளம் கையிலேயே இருக்கும். பஸ் காலியானதும் வாய்க்குப் போகும். நான் ஏதாவது கேட்கப் போய்விட்டு, கேட்காமலே இறங்கி வந்திருக்கிறேன்.

பள்ளியில் போன் கிடையாது. என் கடை நம்பரைத்தான் ஸ்டேட்மென்ட்டின் அடியில் பள்ளி விலாசத்தோடு அடித்திருப்பார். சாயங்காலம் பூட்டிவிட்டு இறங்கும்போது, “நமக்கு ஏதும் போன் உண்டா தம்பி?” என்பார். “இல்லீங்க டீச்சர்” என்பேன். “சரி, வரேன்” என்பார். அவரைக் கேட்டு அந்தப் போன் அடித்ததே இல்லை. ஆனாலும் அவர் ஒருநாள்கூடக் கேட்காமல் போனதில்லை.

இன்னொரு பழக்கம். அடித்துக் கழித்த தாளை எடைக்குப் போடமாட்டார். கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் வடைக்கடைக்கும் கடலை விற்கிறவர்களுக்கும் சும்மா கொடுப்பார். சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள், எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். அந்த இரண்டு நாளும் பேட்சுக்கும் பேட்சுக்கும் இடையில் ஒரு கட்டோடு டவுன் பஸ் ஏறிவிடுவார். பக்தி என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் சாமிக்குச் சூடம் காட்டுகிற நேரத்தைவிடக் கடைகடையாகக் காகிதம் கொடுக்கிற நேரம்தான் அதிகம்.

எங்கள் பக்கத்து வடைக்கடைக்காரர் சொல்லுவார்: “டீச்சரம்மா பேப்பர்ல மடிச்சா வடைல மை ஒட்டுது. மை ஒட்டுற மாதிரி கொஞ்சம் படிப்பும் ஒட்டுனா எம்மவன் பாஸாயிருப்பான்.”

இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடிற்று. எதிரே பிரௌசிங் சென்டர் வந்தது. அதுவரைக்கும் தபால்காரரை மாதிரி ஆயிரத்தில் ஒருவருக்குத் தெரிந்த விஷயம், பட்டனைத் தட்டினால் எவருக்கும் தெரியும் என்று ஆகிவிட்டது. ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து என் கடை மேஜையில் போட்டார். “பாருங்க, பத்து வாங்குன கதைய பத்து அடிச்ச கதையா ஆக்கி வச்சிருக்கு உங்க டீச்சரு! இதுக்கு ரப்பர் கொண்டாந்தா வெளிய நிக்கணுமாம்!” டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். படித்துவிட்டுப் போன பெண்களே, “டீச்சருக்கு டைப்பு தெரியும், பந்து தெரியாது” என்று சிரித்தார்கள். டீச்சர் காய்கறி வாங்கப் போனால், “பத்துக்கு ஒண்ணு போறாங்க” என்று ஒரு குரல் வந்தது. என் காதால் கேட்டேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. தப்பே செய்யாத மனுஷி ஒரே ஒரு தப்புக்காக ஊர் வாயில் விழுகிறாரே என்று இருந்தது. மாவட்டத்துக்கும் சுற்றுப்பட்டுக்கும் மாதிரித் தேர்வுத் தாள் அவர்தான் தயார் பண்ணுவார். ஜெயங்கொண்டம், துறையூர், தா.பழூர் என்று தட்டச்சுப் பள்ளிகளுக்கு நானூறு பிரதி போகும். அந்த வருஷம் மூலத்தாள் என் கைக்கு வந்ததும் நான் ஒரு வேலை செய்தேன். லண்டன் வரியை ஒரு ஜெராக்ஸ் எடுத்து ‘தோல்வி’ என்ற சொல்லை வெட்டினேன். எண்களை வேறு பிரதியிலிருந்து வெட்டினேன். நாலாவது வரியின் மேல் ஒட்டினேன். ஓரத்து நிழலை வொயிட்னர் வைத்து மறைத்தேன். தோல்வி, 1–10. நானூறையும் ஓட்டிக் கட்டி அனுப்பிவிட்டேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமாக நான் வேறெதுவும் செய்ததில்லை.

நாலு நாள் கழித்து டீச்சர் கடைக்குள் வந்தார். கரண்ட் இல்லாத மத்தியானம். கையில் ஒரு பிரதி.

“தம்பி, இந்த வரி மட்டும் அரை நூல் எறங்கியிருக்கு.”

“மெஷினா இருக்கும் டீச்சர்.”

“மெஷின் எறக்குனா எல்லா வரியவும்ல எறக்கும்.”

நான் ஒத்துக்கொண்டேன். “சிரிக்கிறாங்க டீச்சர். கேக்க முடியல. அதான்…”

“சிரிக்கட்டுமே. ஒரே ஒருத்தர் சிரிச்சிர மாட்டாங்களான்னுதான் இத்தன வருஷமா அத அடிச்சுக்கிட்டிருக்கேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அந்தக் கடைக்குள் அவர் உட்கார்ந்தது அன்றுதான்.

அவருக்கு ஒரு அண்ணன். அப்பா அரியலூர் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அண்ணனுக்குப் பந்துப் பைத்தியம். பேப்பர் வாங்குகிற வீடா அது? ரயிலில் படித்துவிட்டு எறிந்தது, கடலை மடித்தது, எண்ணெய் குடித்தது, எதில் பந்துச் செய்தி இருந்தாலும் பிரித்து நீவிக் கொண்டுவந்து ஒரு நீள நோட்டில் எழுதுவானாம். லண்டனில் நம் ஆட்கள் இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டதை எழுதின அன்றைக்கு அவன் சாப்பிடவில்லையாம்.

“ஹெல்சிங்கி சேதி வந்தப்ப எனக்கு ஏழு வயசு. பத்து கோல் வாங்கிட்டோம்னு படிச்சான். எண்ணிக்க கத்துக்கிட்ட புதுசு. ரெண்டு கைலயும் வெரல மடக்கிப் பாத்தேன், ஒண்ணுகூட மிச்சமில்ல. ஓன்னு அழுதுட்டேன். ‘அழுவாதடி, இந்தா’ன்னு நோட்டுல மாத்தி எழுதிட்டான். ‘இப்ப நாமதான் ஜெயிச்சோம். வெளில சொல்லாத, யூகோஸ்லாவியாக்காரன் அரியலூருக்கு வந்து சண்ட போடுவான்’னான். நான் ரொம்ப நாளைக்கு ஸ்டேஷன்ல எறங்குறவங்களயெல்லாம் பயந்து பயந்து பாத்துக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“ஜகார்த்தால ஜெயிச்சத எழுதுனான். மறு வருஷம் அப்பா ஒரு வார்த்த சொல்லிட்டாரு. என்ன வார்த்தன்னு கேக்காதீங்க. சாப்புட்ட தட்டக் கழுவி வச்சுட்டுப் போனவன்தான். நோட்டக்கூட எடுத்துட்டுப் போவல.”

அப்பா, அம்மா இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். ரயில்வே வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும் அதற்கு எதிர்த்த வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். வந்தால் பழைய வாசலைத்தானே தேடி வருவான் என்று.

“எதுல மடிச்சுக் குடுத்தாலும் பிரிச்சுப் படிக்காம கசக்கிப் போடமாட்டான், அது மட்டும் நிச்சயம். தப்புன்னு சொல்றவங்க நெறைய பேரு வந்துட்டாங்க தம்பி. அது யாரு பண்ணுன தப்புன்னு சொல்ற ஆளு ஒருத்தர்தான் இருக்க முடியும்.”

“நான் இப்பவே திரும்ப ஓட்டுறேன் டீச்சர். நானே ஊர் ஊராக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வரேன்” என்றேன்.

“வேண்டாம். அடிச்சது அடிச்சதுதான்.” எழுந்துகொண்டார்.

அடுத்த ஸ்டேட்மென்ட் ஏரிகளின் கொள்ளளவு. அதற்கடுத்தது மழை அளவு. பந்து வரவில்லை. கழித்த தாளை எடைக்குப் போட ஆரம்பித்தார். சிறுவாச்சூர் போவது நின்றது. மத்தியானம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். சாயங்காலம் இறங்கும்போது, “வரேன் தம்பி” என்பது மட்டும்தான். போனைப் பற்றிக் கேட்பதில்லை. அவர் கேட்காத அந்த நாட்களில் எனக்குச் சொல்லத் தோன்றும், “போன் ஏதும் இல்லீங்க டீச்சர்” என்று. சொல்லி என்ன செய்ய?

ஏழெட்டு மாதம் போயிருக்கும். மச்சினனை ரயிலேற்ற அரியலூர் போயிருந்தேன். ரயில் போனதும் ஸ்டேஷன் வாசலில் கடலை வாங்கினேன். பாதி தின்றபிறகுதான் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். நான் ஓட்டிய நானூறில் ஒன்று. அரை நூல் இறங்கிய என் ஒட்டுவேலை. அதன் மேல் யாரோ நீல மையால் கோடு இழுத்திருந்தார்கள். ‘தோல்வி, 1–10’ கோட்டுக்கு அடியில் கிடக்க, பக்கத்தில் ‘வெற்றி, 10–1’ என்று எழுதியிருந்தது. சரியாக இருந்ததை யாரோ தப்பாகத் திருத்தியிருந்தார்கள்.

மிச்சக் கடலையைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மத்தியான பேட்ச் நடந்துகொண்டிருந்தது. டீச்சரைக் கீழே கூப்பிட்டுக் கொடுத்தேன். ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எங்க வாங்குனீங்க?”

“உங்க ஊர் ஸ்டேஷன் வாசல்ல. கடலைக்காரரக் கேட்டேன். பழைய பேப்பர் கடைல எடைக்கு வாங்குறாராம். எங்கேர்ந்து வந்ததோ அவருக்குத் தெரியலன்னுட்டார்.”

“நம்ம பொண்ணு எவளாச்சும் திருத்தியிருப்பா” என்றார். “பத்துக்கு ஒண்ணுன்னே அடிச்சுப் பழகுன கை. மாத்திப் பாத்ததும் திருத்தியிருப்பா.”

“இருக்கலாம் டீச்சர்.”

“இருக்கலாம் என்ன, அதான். பேனாவால திருத்துனா மார்க்கு கெடையாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டிருக்கேன், பாருங்க.”

தாளின் அடியில் அவருடைய விலாசமும் என் போன் நம்பரும் தெளிவாக இருந்தன. திருத்தியவர் கண்ணுக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும். டீச்சரின் கட்டைவிரல் அந்த இடத்தின் மேல்தான் இருந்தது.

படியேறிப் போனார். தலைக்கு மேலே சத்தம் கொஞ்ச நேரம் வழக்கம்போல் இருந்தது. பிறகு ஒரு மெஷின் நின்றது. இன்னொன்று நின்றது. எல்லாம் நின்றன. பெண்கள் கைப்பையோடு இறங்கி வந்தார்கள். “போவச் சொல்லிட்டாங்கண்ணே, என்னன்னே தெரியல” என்றாள் ஒருத்தி. பின்னாலேயே டீச்சர் இறங்கினார். கதவைப் பூட்டியிருந்தார். சாவியை என் மேஜையில் வைத்தார்.

“மூணு மணி பேட்ச் வந்தா நாளைக்கு வரச் சொல்லுங்க.”

எதிரே அரியலூர் பஸ் நகர்ந்துவிட்டிருந்தது. அறுபது வயது மனுஷி, ஒரு கையில் கடலைக் காகிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுகையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டைக் குறுக்காக ஓடி, ஓடுகிற பஸ்ஸின் பின்படியில் ஏறிக்கொண்டார்.